அரைச்சுத்துக்காரரின் ஆயில் பேன்

ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, கால்தான் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இடுப்பு வரை நுழைந்து, இரண்டு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிற மனிதரை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? கடைத்தெருவில் எதிரே வரும்போது யாரோ எவரோ என்று ஒதுங்கிப் போகும் வீட்டம்மாக்கள், அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது, "அட, நம்ம குழாய்க்காரர்" என்று நின்றுவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. இதில் அவருக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'அரைச்சுத்து' என்று பெயர். எந்த நட்டாக இருந்தாலும் முழுக்க இறுக்கி முடித்த பிறகு, "இன்னும் ஒரு அரைச்சுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுப்பார். அதற்கப்புறம் அந்த இணைப்பு ஒழுகாது. கட்டடம் இடிந்தாலும் குழாய் ஒழுகாது. ஒரே ஒழுகலுக்கு இரண்டாம் தடவை அவரைக் கூப்பிட்டவர் யாருமில்லை என்பது அவருடைய பட்டம், பதக்கம் எல்லாம்.

வீட்டில் அந்தப் பதக்கத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. அவர் மூடிய சர்க்கரை டப்பாவை அவரே வந்துதான் திறக்க வேண்டும். பற்பசை மூடியைக் கடித்துத் திறந்து மகளுக்கு ஒரு பல்லின் முனை போயிருக்கிறது. அவள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். போன் செய்தால் முதல் கேள்வியே, "இன்னிக்கு எதம்மா தொறக்க முடியல?" என்பதுதான்.

மனைவி தையல்காரி. வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் முன்னறை முழுவதும் அவளுடையது. ஜன்னலோரம் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற நீள மேஜை, சுவரில் பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தொங்கும். வேலை நேரத்தில் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள் என்பதால் அவளிடம் வார்த்தை சிக்கனம். வருகிற ஒன்றிரண்டும் ஊசி மாதிரியேதான் வரும்.

இந்த இருவருக்கும் ஒரு கார் உண்டு. வெளிறிய பச்சை நிறத்தில், உருண்டை விளக்கும் உப்பிய கன்னமுமாக, ஐம்பது வயதைத் தாண்டிய நாலு கதவு வண்டி. ஒரு பழைய டாக்டர் வீட்டில் குளியலறையைப் பிரித்து மாற்றும்போது பின்னால் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. டாக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாமான் ஏற்ற ஒரு வேன் வாங்க வேண்டும் என்று வைத்திருந்த பணத்தை நம்மவர் அந்த வண்டிக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் பைப்புகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு, சந்து திரும்பும்போதெல்லாம் நாலு பேர் திட்டுக்கு ஆளாகித்தான் வேலைக்குப் போகிறார். புத்தியிருக்கிறவன் செய்கிற காரியமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பதில் சொன்னதில்லை.

பதில் இதுதான். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டு ஈரத்தில் மல்லாந்து கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, அந்த வண்டியின் ஸ்டியரிங் பின்னால் நிமிர்ந்து உட்காருகிறார். பக்கத்தில் மனைவி. மெதுவாகப் போவார்கள், ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார்கள். தெருவில் போகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்ப்பார்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் ஊர் அவர் முகத்தைப் பார்க்கிறது. மனக்குறை என்று சொன்னேனே, அதற்கு மருந்து இந்த வண்டிதான்.

அந்த வண்டி ஒழுகியது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். அந்த வரிசையில் குழாய்க்காரர் வண்டி ஒழுகல் என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தகரத் தட்டுக்கு ஆயில் பேன் என்று பெயர். தட்டின் விளிம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஆயில் கசியாமல் அடைக்க, சட்டம் போல ஒரு கேஸ்கெட் உட்கார்ந்திருக்கும். அதைப் பதினெட்டு போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கேஸ்கெட் வழியாகத்தான் சொட்டியது.

தொழில்காரர் சும்மா இருப்பாரா? முதலில், குழாய்க்கு வாஷர் வெட்டுகிற ரப்பர் தாளிலேயே ஒரு கேஸ்கெட் வெட்டிப் போட்டார். தண்ணீருக்குப் பழகிய ரப்பர், ஆயிலைக் குடித்து ஊறி உப்பி, ஒரு மாதத்தில் விளிம்புக்கு வெளியே நாக்கைத் தள்ளியது. இரண்டாவதாக, கடையில் கார்க் கேஸ்கெட் வாங்கிப் போட்டு, பதினெட்டு போல்ட்டுக்கும் பதினெட்டு அரைச்சுத்து கொடுத்தார். அது பிளந்தது. மூன்றாவதாக, இன்னொரு கார்க் வாங்கி, ஒரு குழல் சிலிக்கான் பசை முழுவதையும் பிதுக்கி, போன தடவையைவிட அழுத்தி இறுக்கினார். அது பசையில் வழுக்கி ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. கழற்றிய மூன்றையும் மாடிப்படிக்கு அடியில் ஆணியில் மாட்டியிருந்தார். தோற்றுப்போனதை மாட்டிவைக்கிற மனிதர் அவர் ஒருவர்தான்.

இதெல்லாம் இப்படியே இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும், கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா, வண்டி நிற்கிற முற்றத்துக்குப் புதுத்தரை போடாமல் இருந்திருந்தால். சாம்பல் நிறக் கல், கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தம்மா முப்பது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே தீர்ப்பு வாசிப்பது போல இருக்கும். படி இறங்கி வந்த குழாய்க்காரரை நிறுத்தி, தரையில் விழுந்திருந்த கறுப்புச் சொட்டைக் காட்டினார். பத்து நாள் தவணை, அதற்குள் சரி செய்ய வேண்டும். அதன்பின் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ஏழு நாள் பார்ப்பார். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி வெளியே. கோபமெல்லாம் இல்லை. "தப்பா நெனைக்காத தம்பி" என்றுகூடச் சொன்னார்.

வெளியே என்றால் எங்கே? தெருவில் இரண்டு மொபெட் எதிரெதிரே வந்தாலே ஒருவர் காலை ஊன்றி நிற்க வேண்டும். வண்டி வெளியே போனால் விற்க வேண்டியதுதான். வாங்க ஆளும் தயாராக இருந்தார். வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி, நம்மவருக்கு மச்சான். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பழைய காரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள ஜோடிகள் ஆசைப்படுகிறார்கள் என்று ரொம்ப நாளாகவே அந்த வண்டி மேல் கண். தவணையில் ஐந்து நாள் போன பிறகு செய்தி காதுக்கு எட்ட, அன்றே வந்து வண்டியைச் சுற்றி வந்தார். கூரையை அறுத்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பெயின்ட் அடித்தால் அமர்க்களமாக இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். குழாய்க்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவர் போட்ட திட்டம் இது: நாலாவது கேஸ்கெட், இருப்பதிலேயே தடியானதாக. இன்னும் நீளமான ஸ்பேனர். அரைக்குப் பதில் முக்கால் சுற்று.

மனைவி அதைக் கேட்டாள். கீழே போய், ஆணியில் மாட்டியிருந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து, மேஜையில் பழைய துணி விரித்து அதன்மேல் பரப்பினாள். சட்டை வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தடவிப் பார்ப்பது போல, ஓரமெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு உதட்டு ஊசிகளை எடுத்து வைத்தாள். ஊசியை எடுத்து வைத்தாள் என்றால் பேச்சு நீளப்போகிறது என்று அர்த்தம்.

"இங்க பாருங்க. போல்ட் ஓட்டை இருக்கிற இடமெல்லாம் காகிதம் மாதிரி நசுங்கியிருக்கு. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல பாருங்க, கடையில வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. நடுவுல எதுவும் இத தொடவே இல்ல."

"அப்ப நடுவுல இறுக்கம் பத்தல."

"நடுவுல போல்ட்டே இல்லையேங்க. ஓட்டைகிட்ட நீங்க இழுத்த இழுப்புல தகரம் அங்க மேல ஏறிடுச்சு, நடுவுல எறங்கி வாயத் தொறந்து நிக்குது. நூல இழுத்துப் பிடிச்சுத் தச்சா தையல் சுருங்கி நடுவுல துணி தூக்கிக்கும்ல, அதே கதைதான்."

"இருபத்தெட்டு வருஷமா இறுக்குறேன். ஒரு குழாய் ஒழுகினதில்ல."

"குழாய் இரும்பு. இது கார்க்குங்க."

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சின்ன வயதிலிருந்தே அவரும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறார். ஆனால் அமுதம் விஷயமாக அதை ஒப்புக்கொள்வது சுலபம், ஸ்பேனர் விஷயமாகக் கஷ்டம். அவருக்கு உண்மையாகவே வலித்தது. போய் சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். அது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பத்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டினார். அவள் மூன்று கேஸ்கெட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுச் சீருடை தைக்க உட்கார்ந்தாள். காலையில் கடைக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சமாதானத்துக்கு வருகிற விதம் அதுதான்.

பழைய கார் சாமான் விற்கும் கடை, கூரை வரை அட்டைப்பெட்டியாக அடுக்கியிருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பையிலிருந்த மூன்றையும் பார்த்துவிட்டு, இறந்துபோனவர்களுக்கு மரியாதை செய்வது போலக் கண்ணாடியைக் கழற்றினார். ரப்பரைத் தூக்கிப் பார்த்து, "இது குழாய் வாஷர் ரப்பர் ஆச்சேண்ணே" என்றார். குழாய்க்காரர் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப நேரம் படித்தார்.

கடைக்காரரிடம் அந்த வண்டிக்கு இரண்டு வகை இருந்தது. ஒன்று வெறும் கார்க், பார்க்கத் தடியாக இருந்தது. இன்னொன்று கார்க் தூளையும் ரப்பரையும் கலந்து செய்தது, கொஞ்சம் மெலிசு. நம்மவர் கை நேராகத் தடியானதுக்குப் போயிற்று. மனைவி இரண்டையும் வாங்கி, துணிக்கடையில் துணியைக் கசக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். வெறும் கார்க்கின் ஒரு முனையை லேசாக வளைத்ததும் மெல்லிய கீறல் விழுந்தது. எத்தனை வருஷமாகப் பெட்டியில் காய்ந்து கிடந்ததோ. கலவையை வளைத்தாள், வளைந்தது. விட்டாள், நிமிர்ந்தது. நகத்தால் அழுத்தினாள், பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தது. "இதுங்க" என்றாள். கீறல் விழுந்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். கடைக்காரர், நல்லவேளை இங்கேயே விழுந்தது என்றார்.

கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். பசையை நாலு மூலைக்கு மட்டும் ஒவ்வொரு துளி தொட்டால் போதும். போல்ட்டைக் கைமுழுக்கப் பிடித்து இறுக்கக் கூடாது, சின்ன ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து இறுக்கினால் போதும். பிறகு, இந்த வகையில் தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான், அடுத்தது வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார். தவணையில் மூன்று நாள்தான் பாக்கி. திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி அந்தக் கேஸ்கெட்டை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தார்கள். புதுத்தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் அட்டை, அதன்மேல் பலகை போட்டு, முன்சக்கரங்களைச் சாய்வுக் கட்டை மேல் ஏற்றினார். வீட்டுக்காரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். குழாய்க்காரர் சூடான ஆயிலை இறக்கி, பதினெட்டு போல்ட்டையும் கழற்றி, தட்டை மார்மேல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இந்த வண்டியில் என்ஜினைத் தூக்காமலே தட்டைக் கழற்றலாம், அதுவே பெரிய புண்ணியம்.

தட்டைக் கழுவித் துடைத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகு, மனைவி தன்னுடைய இரும்பு அளவுகோலை விளிம்பின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். அவரையும் பார்க்கச் சொன்னாள். அளவுகோலுக்கும் தகரத்துக்கும் நடுவில் அலை அலையாக வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தகரம் மேடு தட்டியிருந்தது. ஒவ்வொரு மேடும் ஒரு அரைச்சுத்து. தான் மூன்று வருஷமாக இறுக்கி இறுக்கி ஒழுகலை வளர்த்து வந்திருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். பட்டால்தான் தெரியும் என்பது சும்மாவா? மரக்கட்டையை அடியில் கொடுத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு மேட்டையும் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். அந்த வேலையை அவர் மிக அழகாகச் செய்தார் என்று சொல்லத்தான் வேண்டும். கடைசியில் அளவுகோலுக்கு அடியில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.

அடுத்தது, கேஸ்கெட் வழுக்காமல் தட்டை மேலே தூக்க வேண்டும். போன தடவை காலை வாரிவிட்டது இந்த இடத்தில்தான். அவள் பருத்தி நூலை எடுத்துக்கொண்டு வந்து, ஆறு ஓட்டைகளில் கேஸ்கெட்டையும் விளிம்பையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள், பொத்தானுக்குப் போடுவது போல. மற்ற பன்னிரண்டு போல்ட்டும் பிடித்துக்கொண்ட பிறகு நூலை வெட்டி உருவிவிட்டு, அந்த ஆறையும் மாட்டிக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தே பார்த்தார்.

எல்லாம் நன்றாகவே போயிற்று. தட்டு ஆடாமல் அசையாமல் மேலே போய் உட்கார்ந்தது. பன்னிரண்டு போல்ட்டை வெறும் விரலால் சுழற்றி ஏற்றினார். அவள் நூலை வெட்டி உருவினாள், மிச்ச ஆறையும் அவர் ஏற்றினார். அவளும் இப்போது வண்டிக்கு அடியில் தார்ப்பாயில் அவர் பக்கத்தில் படுத்திருந்தாள், தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு. நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து, நடு போல்ட்டில் மாட்டி, இறுக்கினார். பதமாக வந்தது. நின்றது. அவரும் நின்றார்.

கைதான் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், மனிதரைக் கேட்டுக்கொண்டா வரும்? மணிக்கட்டு தானாகத் திரும்பியது. அரைச்சுற்றுகூட இல்லை, அதில் பாதிதான். அந்த இடத்தில் கேஸ்கெட் விளிம்புக்கு வெளியே உதட்டைப் பிதுக்கியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் இருந்தது இது ஒன்றுதான். இது கிழிந்தால் வண்டி போயிற்று, கூரையை அறுத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பிதுங்கிய இடத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"கிழியல" என்றாள்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு அதை அவள் பக்கம் நீட்டினார்.

"நீ போடு. என் கைக்கு நிறுத்தத் தெரியல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தன் வேலையில் இன்னொருவரைக் கை வைக்க விட்டதில்லை. அவள் வியப்பையெல்லாம் காட்டவில்லை. ஸ்பேனரை வாங்கி, அந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிதுங்கல் மெல்ல உள்ளே வாங்கியது. கலவை கார்க்கை எடுத்ததற்குப் பலன் அது. பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்தாள். மெஷினில் நூல் இழுவையைத் திருகி வைக்கிற அதே கை. அந்தக் கைக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு போல்ட்டாகப் போய், திரும்ப வந்து, கேஸ்கெட் ஓரம் விளிம்புக்கு வெளியே மயிரிழை அளவு தெரிந்ததும் நிறுத்தினாள். எதிலும் போதும் என்று சொல்லக்கூட இல்லை, அடுத்ததுக்குப் போய்விட்டாள். அவர் கை விளக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்படி மல்லாந்து கிடந்து அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவருக்கே அது ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் புது ஆயில் ஊற்றி வண்டியை நிறுத்தியதும், வீட்டுக்காரம்மா தம் கையாலேயே செய்தித்தாள் விரித்தார். நாலு முனைக்கும் நாலு கல். தேதியும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நீதிமன்றப் புத்தி எங்கே போகும்?

திங்கள், செவ்வாய், புதன் காய்ந்த தாள். காலையில் இவர் குனிந்து பார்ப்பதற்குள் அந்தம்மா குனிந்து பார்த்திருப்பார். ஸ்பேனருக்கு வேலை கொடுக்காமல் இருப்பது நம்மவருக்கு உடம்புக்கு ஆகாத காரியம். வேலையிலிருந்து வந்ததும் வண்டியைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், கதவுக்கு எண்ணெய் போட்டார்.

வியாழக்கிழமை காலையில் தாளில் ஒரு சொட்டு.

மனைவி துணி வாங்கப் போயிருந்தாள். வீட்டுக்காரம்மா இன்னும் கதவைத் திறக்கவில்லை. அவர் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று நினைத்தார். அப்புறம் நினைப்பெல்லாம் ஓடவில்லை, கால்தான் ஓடியது. சாமான் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார், பெரியதை. தாளை ஒதுக்கிவிட்டு அடியில் நுழைந்தார். போல்ட்டில் மாட்டினார். ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் நின்றுவிடும். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, எப்போதும் தோன்றுவது போல.

ஸ்பேனர் போல்ட்டில் மாட்டியபடியே இருந்தது. அவர் இழுக்கவில்லை. நேரம் போனது தெரியாமல் அப்படியே கிடந்தார், நெற்றியில் வியர்த்துவிட்டது. இது அவளுடைய போல்ட். அவள் நிறுத்தின இடம் இது. அதைத் தாண்டி இழுக்க அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஸ்பேனரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் தட்டின் விளிம்பு முழுக்கத் தடவிக்கொண்டு வந்தார். பதினெட்டு இடத்திலும் தடவினார். விரல் காய்ந்தே இருந்தது.

அப்படியானால் சொட்டு எங்கிருந்து வந்தது? வெளியே வந்து தாளைப் பழையபடி விரித்துப் பார்த்தபோதுதான் புத்தி வேலை செய்தது. சொட்டு விழுந்திருந்தது என்ஜினுக்கு நேரே இல்லை, முன்கதவுக்கு நேரே. நேற்று மாலை கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்ட மகானுபாவர் யார்? அவரேதான். வீட்டுக்காரம்மா எழுந்து வந்ததும் தானே போய்ச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தம்மா கதவைத் திறந்து மூடி, கீலைத் தொட்டு முகர்ந்து, தாளை அளந்து பார்த்து, அந்தச் சொட்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, 'கதவு' என்று எழுதினார். வழக்கில் சேராது என்றார். இனிமேல் ஞாயிறு வரை வண்டியைத் தொடவே கூடாது என்று ஒரு தடையுத்தரவும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா தாளை எடுத்து மடித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் முன்பணத்தோடு வந்து சேர்ந்தார். வண்டி தனக்குத்தான் என்று அவ்வளவு நம்பிக்கை. ஒழுகல் நின்றுவிட்ட செய்தி கேட்டதும் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் கெட்ட மனசுக்காரர் இல்லை. சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து, வெள்ளைக் கைக்குட்டையை வண்டிக்கு அடியில் விட்டுத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

"பிரமாதம் மாமா. மூணு தடவ தோத்துட்டு நாலாவது தடவ சாதிச்சுட்டீங்களே. எந்த மெக்கானிக்கிட்ட குடுத்தீங்க, இல்ல நீங்களே போட்டீங்களா?"

மனைவி படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை உடையில், செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு. கேள்வி அவள் காதிலும் விழுந்தது. அவள் பாட்டுக்கு வாரை மாட்டினாள். பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் இந்த மாதிரிக் கேள்விக்கு இருபத்தெட்டு வருஷமாக அவர் வாயில் ஒரே பதில்தான். 'நான்தான்' என்பது.

"உங்க அக்கா" என்றார் குழாய்க்காரர்.

மச்சான் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து.

"சிரிக்காத மாப்ள. பதினெட்டு போல்ட்டும் அவ கை. நான் போட்டிருந்தா இந்நேரம் நீ கூரைய அறுத்திருப்ப."

படியில் அவள் அப்படியே நின்றுவிட்டாள், ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக. தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தார். வீட்டுக்காரம்மாவும், தனக்கு முன்பே தெரியும் என்பது போலத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் தன் முகத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை. சிவந்துபோய், தலையைக் குனிந்துகொண்டு, நேரமாகவில்லையா, கிளம்பலாம் என்று முணுமுணுத்தாள். அவர் முன்னால் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.